பேரிங்கைக் கழுவுவதற்கு முன்: ஸ்கேட் ஓட்டுபவர்களின் கேள்விகள்

கே: இன்லைன் ஸ்கேட் பேரிங்கை எத்தனை நாளைக்கு ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும்?

ப: நாள் கணக்கே கிடையாது. பேரிங் என்பது சக்கரத்தின் நடுவே உட்கார்ந்து அதைச் சுழலவிடும் பாகம்: ஒரு உள்வளையம், ஒரு வெளிவளையம், இடையில் உருண்டைகள். ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிவிட்டுக் காதுகொடுங்கள். நறநறவென்று மணல் அரைபடும் சத்தம் கேட்டால் கழுவும் நேரம் வந்துவிட்டது. கீச்சென்று கத்தினால் எண்ணெய் வற்றியிருக்கிறது. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். கழுவக் கழுவ நல்லது என்று நினைப்பவர்கள்தான் பேரிங்கைச் சீக்கிரம் கெடுக்கிறார்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் கம்பெனியில் வைத்த கிரீஸ் போகிறது, புதுத் தூசிக்கு வழி கிடைக்கிறது. ஓட்டி முடித்ததும் சக்கரத்தின் இரண்டு பக்கமும் உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கே: சக்கரம் கனமாக ஓடியதால் டபிள்யூ.டி. 40 ஸ்பிரே அடித்தேன். அன்றைக்குப் பறந்தது. இப்போது முன்பைவிட மோசமாகக் கத்துகிறது.

ப: எல்லோரும் செய்வதுதான். அந்தச் சாதாரண ஸ்பிரே ஈரத்தை விரட்டவும், இறுகிய திருகை இளக்கவும் ஏற்றது. பேரிங்கில் அடித்தால் உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். கிரீஸ் போனதால்தான் அன்றைக்கு அப்படிச் சுற்றியது. கரைந்த கிரீஸோடு ஓரத்து அழுக்கும் உள்ளே போயிருக்கும். இனி முழுதாகக் கழுவி எண்ணெய் விடுவதுதான் வழி. தையல் மெஷின் எண்ணெய் போதும், ஸ்கேட் பேரிங்குக்கென்றே விற்கும் எண்ணெய் இன்னும் நல்லது. சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும்.

கே: சரி, கழுவுவது எப்படி என்று முதலிலிருந்து சொல்லுங்கள்.

ப: முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். பக்கவாட்டு மூடி ரப்பராக இருந்தால், உள்வளையத்தை ஒட்டிய இடுக்கில் குண்டூசி முனையை விட்டு மெல்ல நெம்பினால் வந்துவிடும். உலோக மூடியாக இருந்தால் அதன் விளிம்பில் மெல்லிய கம்பி வளையம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வளையத்தின் ஒரு முனையை ஊசியால் தூக்கினால் மூடி விழும். தூக்கும்போது மேலே கட்டைவிரலை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வளையம் தெறித்து அறையின் மறுகோடிக்குப் போய்விடும். வளையமே இல்லாமல் அழுத்திப் பொருத்திய மூடி என்றால் அது திறப்பதற்கானது அல்ல. நெம்பினால் வளைந்து உருண்டைகளில் உரசும். அந்த வகையைத் துடைத்து ஓட்டுங்கள், கெட்டால் மாற்றுங்கள்.

மூடியைக் கழற்றும் முன் பேரிங்கின் வெளிப்பக்கத்தையும் அச்சையும் பாருங்கள். தலைமுடியும் நூலும் இறுகச் சுற்றி, அழுக்கோடு சேர்ந்து கறுப்புக் கயிறுபோல் உட்கார்ந்திருக்கும். சில சமயம் சிக்கல் அவ்வளவுதான். இடுக்கியால் அதை உருவி எடுத்ததும் சக்கரம் பழையபடி ஓட ஆரம்பித்துவிடும்.

கழுவுவதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நல்லது. மண்ணெண்ணெயும் கிரீஸைக் கரைக்கும், ஆனால் பிசுபிசுப்பை விட்டுவிட்டுப் போகும். அதனால் கடைசியாக ஒரு முறை ஆல்கஹாலில் அலசிவிடுங்கள். அசிட்டோன் வேண்டாம், உருண்டைகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கூண்டை அது கெடுத்துவிடலாம். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு ஊறவைத்துக் குலுக்குங்கள். முதலில் ஊற்றிய ஆல்கஹால் மைபோல் கறுப்பாகிவிடும். தெளியும்வரை மாற்றுங்கள். ரப்பர் மூடிகளை மட்டும் தனியே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். இந்த வேலை முழுவதும் காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் நடக்க வேண்டும்.

பிறகு துணியில் தட்டி, காற்றாட உலர்த்துங்கள். காற்றுக் குழாயை வைத்து பேரிங்கை விர்ரென்று சுழலவிடுவது பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் எண்ணெய் இல்லாத உருண்டைகள் அந்த வேகத்தில் ஓடுதடத்தை, அதாவது வளையத்தில் அவை ஓடும் பள்ளத்தை, கீறிவிடும். உலர்ந்ததும் தாமதிக்காதீர்கள், வெறும் எஃகு சீக்கிரம் துருவேறும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் சுற்றிப் பரப்பி, மூடியைப் போடுங்கள். எண்ணெய் வழிந்தால் தூசியைத்தான் சேர்க்கும்.

கே: கழுவி மாட்டிய பிறகு சக்கரம் சுற்றவே மாட்டேன் என்கிறது. திருகைத் தளர்த்தினால் சுற்றுகிறது. பேரிங் போய்விட்டதா?

ப: பேரிங் நன்றாகத்தான் இருக்கும், ஸ்பேசரைத் தேடுங்கள். ஒரு சக்கரத்தில் இரண்டு பேரிங், அவற்றுக்கு நடுவே சிறு குழாய் மாதிரி ஒரு ஸ்பேசர். அச்சை இறுக்கும்போது அந்த அழுத்தம் ஒரு உள்வளையத்திலிருந்து ஸ்பேசர் வழியாக மற்ற உள்வளையத்துக்குப் போக வேண்டும். ஸ்பேசர் இல்லாவிட்டாலோ குட்டையாக இருந்தாலோ அழுத்தம் முழுவதும் உருண்டைகளின் மேல் பக்கவாட்டில் ஏறுகிறது. உருண்டை ஓடும் பள்ளம் அந்தப் பாரத்தைத் தாங்குவதற்கானது அல்ல, அதனால் இறுகிக்கொள்கிறது. திருகைத் தளர்த்தி ஓட்டலாமே என்று நினைக்காதீர்கள், ஓடும்போது அச்சு கழன்று விழுந்தால் ஆபத்து.

ஸ்பேசர் சரியாக இருந்தும் இறுகுகிறதா? ஒரு பேரிங் முழுதாக உட்காராமல் இருக்கலாம். கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம். அழுத்தம் வெளிவளையத்தில் விழட்டும். உள்வளையத்தில் அடி விழுந்தால் ஓடுதடத்தில் உருண்டையின் தடம் பதிந்து, பிறகு எப்போதும் கடகடவென்றே ஓடும்.

கே: மழையில் ஓட்டிவிட்டேன். காலையில் பார்த்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. அன்றிரவே சக்கரங்களைக் கழற்றி, துடைத்து, உலர்த்தி, எண்ணெய் விட்டுவிடுங்கள். மறுநாள் மூடியின் ஓரத்தில் செம்பழுப்பு நீர் கசிந்தால் உள்ளே துரு தொடங்கிவிட்டது என்று பொருள்.

கே: ஏபெக் 9 வாங்கினால் ஏபெக் 5-ஐவிட வேகமாக ஓடுமா?

ப: ஏபெக் என்பது பேரிங்கின் துல்லியத்துக்கான தர அளவு. 1, 3, 5, 7, 9 என்ற அந்த எண்கள் வளையங்களின் அளவு எவ்வளவு துல்லியம் என்பதை மட்டுமே குறிக்கின்றன. உருண்டையின் தரம், எஃகின் தரம், உள்ளிருக்கும் எண்ணெய் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. நேர்த்தியாகச் செய்த 5, ஏனோதானோ என்று செய்த 9-ஐத் தோற்கடிக்கும்.

கே: என் மகனின் நண்பன் சக்கரத்தை விரலால் சுண்டினால் நின்றபாடில்லை. என் மகனுடையது சீக்கிரம் நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டோமா?

ப: இல்லை. அந்தப் பையனுடையதில் மெல்லிய எண்ணெய் இருக்கும், உங்கள் மகனுடையதில் கிரீஸ். ஆள் ஏறி நின்றதும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். கிரீஸ் போட்டது அதிக நாள் தாங்கும், குழந்தைகளுக்கு அதுவே போதும்.

கே: செராமிக் பேரிங் துருப்பிடிக்காதாமே?

ப: பெரும்பாலானவற்றில் உருண்டைகள் மட்டுமே செராமிக், வளையங்கள் எஃகு. உருண்டை துருப்பிடிக்காது, வளையம் பிடிக்கும். எண்ணெய் விடும் வேலையிலிருந்து தப்ப முடியாது.

கே: 16 பேரிங்கில் இரண்டு மட்டும் கழுவிய பிறகும் நறநறக்கின்றன. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

ப: வேண்டாம். சுத்தமாகக் கழுவி எண்ணெய் விட்ட பிறகும் விரலில் சொரசொரப்பு தட்டினால் ஓடுதடத்தில் குழி விழுந்துவிட்டது. அந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலான ஸ்கேட்களில் இருப்பது 608 என்ற வகை: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. சில பந்தய ஸ்கேட்களில் 16 மி.மீ. வெளிவிட்டமுள்ள சிறிய 688 இருக்கும். அதனால் வாங்கும் முன் பழையதை அளந்துவிடுங்கள்.