வார்ஃபரினோடு ஃபூஜெங் ஹுவாயூ: ஈறில் ரத்தம்

ஃபூஜெங் ஹுவாயூ என்ற சீன மூலிகை மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கொரோனா விட்டுப்போன நுரையீரல் தழும்புக்காக அப்பா வார்ஃபரினோடு ஃபூஜெங் ஹுவாயூவும் சாப்பிடுகிறார், பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்கிறீர்கள். அதில் டான்ஷென் என்ற செந்நிற வேர் இருக்கிறது. வார்ஃபரினின் வேகத்தை அது கூட்டிவிடும். பெரும்பாலும் அதுதான் காரணம்.

நாளைக்குத் தள்ளாமல் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். பலருக்கு 2 முதல் 3 இலக்கு. மலம் கறுத்தால் நேராக அவசரப் பிரிவு. மருத்துவரிடம் மாத்திரை டப்பாவையே காட்டுங்கள். "ஏதோ மூலிகை" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

மாத்திரையை நிறுத்தியதும் ஐ.என்.ஆர். இறங்கலாம், அதனால் சில நாளில் மறுபடி பார்க்கணும்.

அப்புறம், அப்பாவுக்கு மூச்சு தேறியிருந்தாலும் அது மாத்திரையால்தான் என்று நம்பிவிடாதீர்கள். அந்த மாத்திரை சீனாவில் கல்லீரல் தழும்புக்கு வந்த மருந்து. கொரோனா தழும்பு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே குறையும்.