லண்டனில் மூன்று சின்னப் பிள்ளைகளைத் தனியாக நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப்போக முடியாதா? வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது என்ன நியாயம்?

மூன்று பேரும் எட்டு வயதுக்குக் கீழே என்றால் அநேகமாக முடியாது. என்னையும் ஒரு சனிக்கிழமை இப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். அப்போது பிள்ளைகளுக்கு ஏழு, ஐந்து, மூன்று வயது.

எனக்கு வந்த கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட நின்றார். "பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறோமே" என்றேன். கவுண்டரில் இருந்த பெண் அம்மாவின் சேலையை ஒருதரம் பார்த்துவிட்டு, "அவர் தண்ணீருக்குள் இறங்குவாரா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு விளங்கியது 'வாட்டர்' மட்டும்தான். வேண்டாம் என்று தலையாட்டினார். கதை முடிந்தது. வீடு வரும்வரை, "கீரிமலைக் கேணியில உங்களை ஆர் எண்ணி விட்டவை?" என்று புறுபுறுத்துக்கொண்டே வந்தார்.

விஷயம் இதுதான். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கரையில் இருந்து பார்ப்பவர் கணக்கில் இல்லை. பொதுவாக ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். சில இடங்களில் நாலு வயதுக்குக் கீழே என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். கையில் காற்றுப்பட்டை போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. இந்த எண்கள் சட்டத்தில் எழுதியவை அல்ல. 1974ஆம் ஆண்டின் வேலைத்தளப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பைத் தடாகம் நடத்துபவர் தலையில் வைக்கிறது, எண்ணை அவர்கள் துறை வழிகாட்டலைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். அதனால்தான் பக்கத்துப் பக்கத்துத் தடாகங்களிலேயே விதி வேறாக இருக்கும். போகமுதல் ஒரு போன் அடித்துக் கேளுங்கள்.

"லைஃப்கார்ட் நிற்கிறார்தானே" என்று நானும் வாதாடினேன். அவர் முழுத் தடாகத்தையும் பார்க்கிறவர், என் பிள்ளையை மட்டும் அல்ல.

அடுத்த கிழமை மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்குட்டியின் காற்றுப்பட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். நடுவில் உள்ளவள் இரண்டு அடி முன்னால் வைத்தாள். அந்த இடத்தில் தரை சரியத் தொடங்குகிறது. தண்ணீர் மூக்குக்கு மேலே ஏறிவிட்டது. கத்தவில்லை, கை அசைக்கவில்லை, தண்ணீர் தெறித்த சத்தம்கூட இல்லை. நான் ஒரு கை தூரத்தில்தான் நின்றேன், ஆனால் எனக்குத் தெரியவே இல்லை. மச்சான்தான் தூக்கினான். இரண்டு விநாடிதான் இருக்கும். தாழுகிற பிள்ளைக்கு மூச்செடுக்கவே வாய் காணாது, அது எப்படிக் கூப்பிடும்? அதற்குப் பிறகு அந்தக் கவுண்டர்ப் பெண்ணை நான் திட்டியதில்லை.

உங்களுக்கு ஆள் உதவி இல்லையென்றால் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அந்த நேரத்துக்குப் பிள்ளை ஆசிரியர் பொறுப்பு, மற்ற இரண்டையும் நீங்கள் கரையில் வைத்திருக்கலாம். இங்கிலாந்துப் பாடத்திட்டப்படி ஆறாம் ஆண்டு முடியமுதல் பிள்ளை 25 மீட்டர் நீந்த வேண்டும். பள்ளிக்கூடம் பழக்கட்டும் என்று அதுவரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

மூத்தவளுக்கு எட்டு முடிந்த அடுத்த சனிக்கிழமை மூன்று பேரையும் நான் தனியாகக் கூட்டிப்போனேன். வயதுக்கு அத்தாட்சி கேட்பார்களோ என்று அவளுடைய பாஸ்போர்ட்டையும் துவாயோடு சுற்றி எடுத்துப்போனேன். ஒருவரும் கேட்கவில்லை.