மாஸ் எஃபெக்ட் வீடியோ கேம் வரிசையில் முதல் பாகத்தை விட்டுவிட்டு நேராக இரண்டாவதை ஆடலாமா?

ஆடலாம், கதை புரியும். ஆனால் இந்த வரிசையின் உயிர்நாடியே போய்விடும்.

பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012-இல் வெளியிட்ட மூன்று பாகங்களும் ஒரே நெடுங்கதை. கதைநாயகன் கமாண்டர் ஷெப்பர்டாக நீங்கள் எடுக்கும் முடிவுகள் சேவ் ஃபைல் வழியாக அடுத்த பாகத்துக்குப் போகும். முதல் பாகத்தின் விர்மையர் கிரகத்தில் உங்கள் அணியின் ஆஷ்லி, கெய்டன் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். க்ரோகன் என்ற வேற்றுக்கிரக இனத்து வீரன் ரெக்ஸும் அங்கே சாகலாம். அவனிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதில்தான் சிக்கல்: பழைய சேவ் இல்லாமல் இரண்டாவதைத் தொடங்கினால் ரெக்ஸ் செத்துப்போனதாகவே கேம் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் பாகத்தில் க்ரோகன்களின் தலைவனாக அவன் உடன்பிறப்பு ரீவ் வந்து நிற்பான். அவனோ பழிவெறி பிடித்தவன். அவன் இனத்துக்குப் பிள்ளை பிறக்கவிடாமல் வாட்டும் ஜெனோஃபேஜ் என்ற மரபணு நோயைக் குணப்படுத்துவதா வேண்டாமா என்று அப்போது கை தயங்கும். தாம்பரத்திலிருந்து பீச் வரை எலக்ட்ரிக் ட்ரெயினில் இதற்காக நண்பனோடு சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் தீரவில்லை.

பழைய சேவ் இல்லாதவர்களுக்காக, முதல் பாகத்தின் முக்கிய முடிவுகளை மட்டும் கேட்கும் காமிக்ஸ் ஒன்று உண்டு. அது அவசரத்துக்குத்தான்.

முதல் பாகத்தின் சண்டை கொஞ்சம் பழசு. மாக்கோ வண்டி மலையேறும் அழகு தனி எரிச்சல். 2021-இல் வந்த லெஜண்டரி எடிஷனில் இரண்டையும் சீர்செய்திருக்கிறார்கள், மூன்று பாகங்களும் அதிலேயே இருக்கின்றன. 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், நெட் பிளானைப் பார்த்துக்கொள்ளுங்கள்.