ஆர்கேட் பாணி ஃபிளைட் யோக் (விமான விளையாட்டுக்கான கைப்பிடி): அதை முழுக்கத் திருப்பியும் திரையில் விமானம் கொஞ்சம்தான் சாய்வது ஏன்?

கைப்பிடி திரும்பும் கோணத்தை மின்னழுத்தமாக மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் (சுருக்கமாக பொட்) சுமார் 300 டிகிரி சுழலும். ஆர்கேட் யோக்கின் கைப்பிடியோ மொத்தமாக 60 டிகிரிதான் திரும்பும். இரண்டையும் நேரடியாக இணைத்தால், அந்த மின்னழுத்தத்தை எண்ணாகப் படிக்கும் ஆர்டுயினோ என்ற சிறு போர்டு தரும் 1024 படிகளில் ஏறக்குறைய 205 மட்டுமே கிடைக்கும். அளவீட்டைச் சரிசெய்து திரையில் முழு வீச்சைக் கொண்டுவரலாம், ஆனால் எண்களில் உள்ள நடுக்கமும் சேர்ந்து பெருகும். சரியான தீர்வு பல்சக்கரம்: கைப்பிடித் தண்டில் 60 பல், பொட்டில் 15 பல். 60 டிகிரி 240 ஆகிவிடும்.

பொட் 'பி10கே' என்று குறித்த லீனியர் வகையாக (சுழற்சிக்கு ஏற்பச் சீராக மாறுவது) இருக்கட்டும், இடவலம், மேல்கீழ் என இரு அச்சுக்கும் ஒவ்வொன்று. ஓரக் கால்கள் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்கால்கள் போர்டின் ஏ0, ஏ1 பின்களுக்கும். நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் நடுக்கம் அடங்கும். ஆர்டுயினோ வகைப் போர்டுகளில் ப்ரோ மைக்ரோ வாங்குங்கள். அதன் 32யூ4 சிப் யூஎஸ்பியில் கணினிக்கு நேரடியாக ஜாய்ஸ்டிக்காகவே தெரியும், ஊனோ ஆர்3 போர்டு அப்படித் தெரியாது.

கைப்பிடி நிற்கவேண்டிய தடுப்பைச் சட்டத்திலேயே வையுங்கள். பொட்டின் உள்தடுப்பில் மோதவிட்டால் பொட் விரைவில் உடைந்துவிடலாம். நடுநிலைக்குத் திரும்ப, எதிரெதிராக இழுக்கும் இரு ஸ்பிரிங்குகள். நடுவிலும் இரண்டும் சற்று இழுபட்டே இருக்கவேண்டும், தளர்ந்தால் நடுவில் ஆட்டம் வரும்.