ஊருணிக்கரையில் பார்த்ததைப் பதிவது எப்படி: கேள்வி பதில்

பார்த்த உயிரினத்தைப் படத்தோடு பதிந்தால் மற்றவர்கள் பேர் சொல்ல உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நம் செட்டிநாட்டு உயிரினங்களைப் பதியத் தொடங்கியவர்கள் கேட்டவை.

காரைக்குடி: அண்ணே, அப்பா ஊரில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைச் சென்னையிலிருந்து ஏற்றினேன். தேதி, இடம் ரெண்டும் காலியாக வருகிறதே?

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அதற்குள் இருக்கும் நேரம், இட விவரத்தை உதறிவிடும். இனி ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், அவர் கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். இந்தப் படத்துக்கு அப்பாவிடம் கேட்டுக் கையால் போடுங்கள். எந்தக் கண்மாய் என்று மட்டும் தெரிந்தால், கண்மாய் முழுக்க அடங்குகிற மாதிரி, வரைபடத்தில் இடத்தைக் காட்டும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். பேர் தப்பினால் நாலு பேர் வந்து திருத்துவார்கள். இடம் தப்பினால் யாருக்குமே தெரியாது.

தேவகோட்டை: எருக்கஞ்செடி ஓரம் எடுத்த பட்டாம்பூச்சியை வெந்தய வரியன் என்றேன். ஒருவர் டனாய்ட் எக்ஃபிளை பெண் என்கிறார். ஒத்துக்கொள்ளவா சார்?

பின்னிறகைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் மூன்று, நான்கு கரும்புள்ளி இருந்தால் வரியன். முன்விளிம்பை ஒட்டி ஒன்றே ஒன்று என்றால் எக்ஃபிளை. பறவைகள் தின்னத் தயங்கும் வரியனைப் போல வேஷம் போடுகிறது. எருக்கு சாட்சியாகாது: அதைத் தின்பது வரியனின் புழு, ஆனால் பூச்சி எங்கேயும் உட்காரும். புள்ளி தெரியாத படமென்றால் இரண்டுக்கும் பொதுவான குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். பேர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பதிவுக்கு ‘ஆய்வுத்தரம்’ (ரிசர்ச் கிரேடு) என்ற முத்திரை கிடைக்கும்; அதற்காக, பேர் சொன்னவருக்கு நன்றி சொல்வதாக நினைத்து ‘அக்ரீ’ (ஒத்துக்கொள்கிறேன்) பொத்தானை அழுத்துகிற பழக்கம்தான் பெரிய தொல்லை.

கானாடுகாத்தான்: தம்பி, வளவில் இருக்கும் துளசியும் சிட்டுக்குருவியும் பதிவில் சேருமா?

குருவி தானாக வந்தது, சேரும் ஆச்சி. துளசி நட்டது, ‘வளர்ப்பு’ என்று குறியுங்கள். அதே தொட்டியில் தானாக முளைத்த குப்பைமேனி காட்டுக்கணக்கு, அதாவது தானாக வாழ்வது. அதன் பூக்கதிர், இலையின் முன்பக்கம், பின்பக்கம், தண்டில் இலை அமைந்த விதம் எல்லாம் தனித்தனிப் படமாக வேண்டும், ஆனால் ஒரே பதிவில்.

திருப்பத்தூர்: வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் எடுத்த ஒரே படத்தில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், இராக்கொக்கு மூன்றும் இருக்கின்றன.

ஒரு இனத்துக்கு ஒரு பதிவு. ‘டூப்ளிகேட்’ செய்து மூன்றாக்கி, ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பறவை பெரிதாகத் தெரிய வெட்டுங்கள்.

பள்ளத்தூர்: நட்சத்திர ஆமையைப் பதிந்தால் பிடிக்கிறவனுக்கு வழி காட்டுவதாகிவிடாதா?

அழியும் ஆபத்திலுள்ள இனமென்று குறிக்கப்பட்டதன் வரைபடப் புள்ளியைத் தளமே, பக்கத்துக்குச் சுமார் 22 கிலோமீட்டர் உள்ள கட்டத்துக்குள் கலைத்துவிடும். ஆனால் குறிப்பில் ‘அய்யனார் கோயிலுக்குப் பின்னால்’ என்று எழுதினால் மறைத்தது வீண். படத்தின் ஓரத்தில் மைல்கல் தெரிந்தால் அதையும் வெட்டிவிடுங்கள்.