சிஸ்டரைக் கேளுங்கள்: எல்லாம் தெரிந்தவருக்கு என்ன சொல்வது?

(ராயபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் பதில் சொல்கிறார்)

கேள்வி: என் கணவருக்கு 63 வயது. பல வருஷமாகச் சர்க்கரை. ஓய்வு பெற்றதிலிருந்து நாள் முழுக்க உடல்நலக் கட்டுரைகள்தான் படிக்கிறார். விடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப்பில் நாலு செய்தி போட்டுவிடுவார். தெருவில் யாருக்குச் சர்க்கரை என்றாலும் ஆலோசனை சொல்ல முதல் ஆளாகப் போவார். தான் மட்டும் நடக்க மாட்டார். சாயந்திரம் பஜ்ஜி வேறு. கேட்டால், "எனக்குத் தெரியாததா?" என்கிறார். இவ்வளவு படித்தும் ஏன் இப்படி?
- ஒரு வாசகி, காலடிப்பேட்டை

பதில்: அந்த "எனக்குத் தெரியாததா?" இருக்கிறதே அம்மா, அறுவை சிகிச்சை வார்டில் கால் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் என் காதில் விழுந்தது அதுதான். சர்க்கரை கூடினால் பாதம் மரத்துப்போகும், புண் வந்தாலும் தெரியாது, தினமும் பார்க்கணும் என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். "சரி, நீங்க கடைசியா எப்போ சார் பாத்தீங்க?" என்று கேட்டால் பார்வை சீலிங் ஃபேனுக்குப் போய்விடும்.

உங்கள் வீட்டுக்காரரைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். படித்து, நாலு பேருக்குச் சொன்னதிலேயே செய்து முடித்த திருப்தி வந்துவிடுகிறது. அவர் கணக்கில் அன்றைய வேலை காலை எட்டு மணிக்கே முடிந்தது. அதனால் இன்னொரு கட்டுரையை நீட்டாதீர்கள்.

துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவள், ஒரு கப்பல் விஷயம் சொல்கிறேன். ஈறில் ரத்தம் கசிந்து மாலுமிகள் சாகும் ஸ்கர்வி நோய்க்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கேட்கிறது என்பதை 1747-லேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 12 நோயாளிகளுக்கு வேறு வேறு மருந்து கொடுத்து, அதில் இரண்டு பேருக்கு இந்தப் பழங்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டார். 1753-ல் புத்தகமும் போட்டார். (அதில் அவரே இதை அழுத்திச் சொல்லவில்லை என்பது வேறு கதை.) பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லாக் கப்பலுக்கும் என்று முடிவெடுத்தது 1795-ல். லிண்ட் அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். மாலுமிகளுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. தினப்படி ரேஷனில் சாறு வந்தது, குடித்தார்கள், நோய் அடங்கியது.

உங்கள் வீட்டிலும் ரேஷன் மாதிரி வைத்துவிடுங்கள். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளியலறை வாசலில் தரையோடு சாய்த்து வையுங்கள். குளித்துவிட்டு வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கட்டும். குதிகால் வெடிப்பு, நிறம் மாறிய இடம், கொப்புளம், இவைதான் பார்க்க வேண்டியது. விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்கணும்; அங்கே மட்டும் எண்ணெய், க்ரீம் வேண்டாம். செருப்பைத் தட்டிவிட்டுத்தான் போடணும்.

நடைக்கு, ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிஷம் தெருவுக்குள்ளேயே, நீங்களும் கூடப் போங்கள். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரிக்கு நடுவே வேண்டாம். வடிவுடையம்மன் கோயிலுக்குப் போவதென்றால் வெயில் ஏறும் முன்னே போய்வாருங்கள். மரத்த பாதத்துக்குக் கல் தளத்தின் சூடு உறைக்காது. சித்திரையில் பிரகாரம் சுற்றிவிட்டு, மறுநாள் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு மருந்து போட்டிருக்கிறேன்.

பஜ்ஜியை இப்போதைக்கு விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினால் மனுஷன் சண்டைக்குத்தான் வருவார்.

கேள்வி: இரண்டு வருஷம் முன்னால் கல்லூரியில் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கும் முதலுதவி) கற்றேன். சான்றிதழ் இருக்கிறது. போதுமா சிஸ்டர்?
- ஒரு மாணவர், வியாசர்பாடி

பதில்: சான்றிதழ் பத்திரமாக இருக்கும் தம்பி, கைதான் சில மாசத்திலேயே மறந்துவிடும். நெஞ்சு நடுவே 5 செ.மீ. அமுக்கணும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. எழுதினால் ஒரு வரிதான். பொம்மை மேல் இரண்டு நிமிஷம் செய்து பாருங்கள், தோள் கழன்றுவிடும். அதனால் ஆள் மாற்றி ஆள் அமுக்கும் பழக்கமும் வேண்டும். பயிற்சி வகுப்பு எங்கே நடந்தாலும் மறுபடி போங்கள், கூட ஒரு நண்பரையும் இழுத்துக்கொண்டு. நிஜத்தில் ஒருவர் அமுக்கும்போது இன்னொருவர் 108-க்குப் போன் போடணும்.