மருவைப் பார்த்து நாள் குறிக்க முடியாது: பாலுறுப்பு மருக்கள் பற்றிய கேள்வி பதில்

மலையகத்து வைத்தியசாலையொன்றின் பாலியல் நோய்க் கிளினிக்கில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பாலுறுப்பில் வரும் மருக்களைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்து, கேட்டவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுப் பதில் எழுதுகிறேன். பாதிக்கு மேற்பட்டவை "மிஸ், இதை நான் யாரிடமும் சொல்லவில்லை" என்றே தொடங்குகின்றன. மருவை முற்ற விடுவதும் பெரும்பாலும் அந்த மௌனம்தான்.

கேள்வி (பொகவந்தலாவைப் பக்கம், பெண்): என் கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீட்டுக்கு வருவார். இந்தப் பொங்கலுக்கு வந்து போனார். பங்குனியில் எனக்குப் பிறப்புறுப்பின் வெளிப்பக்கம் கோலிபிளவர் பூப்போலச் சின்னச் சின்னதாக முளைத்திருக்கிறது. அவர் என்னைச் சந்தேகப்படுகிறார், நான் அவரைச் சந்தேகப்படுகிறேன். யாரால் வந்தது என்று கண்டுபிடிக்கப் பரிசோதனை உண்டா?

பதில்: இல்லை. எந்த நாட்டிலும் இல்லை. இந்த மருக்களை உண்டாக்குவது எச்.பி.வி. எனப்படும் மனிதப் பப்பிலோமா வைரஸ். அதில் 200க்கு மேற்பட்ட வகைகள் இனங்காணப்பட்டிருக்கின்றன. பாலுறுப்பு மருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் காரணம் 6ஆம், 11ஆம் வகைகள். உடலுறவின்போது தோலோடு தோல் உரசுகையில், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாக இந்த வைரஸ் உள்ளே போகிறது. அதன் பின் சிலருக்கு ஓரிரு மாதங்களில் மரு முளைக்கும், சிலருக்கு 8 மாதங்கள் ஆகும், இன்னும் சிலருக்கு வருடக்கணக்காகும். தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு மருவே வராமல், இரண்டு வருடங்களுக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். ஆகவே பங்குனியில் நீங்கள் கண்ட மரு தை மாதத்தில் தொற்றியதாகவும் இருக்கலாம், உங்கள் கல்யாணத்துக்கு முன்பே இருவரில் ஒருவரிடம் வந்து, அவருக்கே தெரியாமல் உறங்கிக் கிடந்ததாகவும் இருக்கலாம்.

எங்கள் கிளினிக்குக்குக் கணவனும் மனைவியுமாக வந்து, மேசைக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு, "இப்போது நீங்களே சொல்லுங்கள் மிஸ்" என்று கேட்டவர்கள் பலர். ஒருவருக்குக்கூட என்னால் தீர்ப்புச் சொல்ல முடிந்ததில்லை. அந்த மருவில் தேதி எழுதியிருப்பதில்லை. கணவர் அடுத்த முறை வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மரு இல்லாவிட்டால் அவருக்கு மருந்து எதுவும் தேவைப்படாது. ஆனால் வேறு பாலியல் நோய்கள் இருக்கின்றனவா என்று இருவரையும் பார்ப்பது அவசியம்.

கேள்வி (ஹட்டன், ஆண், 24 வயது): கையில் மரு வந்தபோது பாட்டி சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்துப் பூசினார், அது உதிர்ந்துவிட்டது. ஆணுறுப்பில் வந்த மருவுக்கும் அதையே பூசலாமா? எருக்கம்பாலும் நல்லது என்கிறார்கள்.

பதில்: இரண்டையும் பூச வேண்டாம், தம்பி. கையில் வருவதும் எச்.பி.வி. மருதான் என்றாலும் அது வேறு வகைகளால் வருவது. அதைவிட முக்கியமாக, உள்ளங்கைத் தோல் வேறு, அந்த இடத்துத் தோல் வேறு. சுண்ணாம்புக் கலவை மருவை மட்டும் பார்த்து அரிக்காது. ஒரு முறை இளைஞர் ஒருவர் கால்களை அகட்டி அகட்டி நடந்து கிளினிக்குக்கு வந்தார். மூன்று சிறிய மருக்கள் இருந்த இடத்தில், ஒரு ரூபாய்க் குற்றியளவில் தோல் வெந்து, உள்ளாடை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புநீரால் நனைத்து நனைத்து அதைப் பிரிப்பதற்கே அரைமணி நேரம் எடுத்தது. புண் ஆறிய பின் பார்த்தால் ஓரத்தில் மரு அப்படியே இருந்தது. முடியால் கட்டி அறுப்பது, பிளேடால் சீவுவது, மருந்துக் கடையில் கால் ஆணிக்கென்று விற்கும் திரவத்தை வாங்கிப் பூசுவது எல்லாம் இதே கதைதான். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் வேண்டாம். வைரஸை அது தொடாது.

கேள்வி (தலவாக்கலை, ஆண்): ஆணுறுப்பின் மொட்டைச் சுற்றி, விளிம்பில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. வலியில்லை, பல வருடங்களாக மாறவுமில்லை.

பதில்: ஒரே அளவில், மாலை கோத்ததுபோல வரிசையாக, வருடக்கணக்காக மாறாமல் இருப்பவை பெரும்பாலும் முத்துப் பருக்கள். அவை உடம்பின் இயல்பு. தொற்றாது, மருந்தும் வேண்டாம். பெண்களுக்கும் பிறப்புறுப்பின் உட்புற ஓரத்தில் இதுபோன்ற மென்மையான சிறு முளைகள் இயல்பாக இருப்பதுண்டு. மரு அப்படி ஒழுங்காக நிற்காது. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, சொரசொரப்பாக, கொத்தாக வளரும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு, நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். சிபிலிஸ் நோயின் இரண்டாம் கட்டத்தில், ஈரமான மடிப்புகளில் தட்டையான, அகன்ற, வலியில்லாத தடிப்புகள் தோன்றும். பார்ப்பவர்கள் மரு என்றே நினைப்பார்கள். அதற்கு மரு மருந்து பூசினால் தடிப்பு மறையலாம், நோயோ உள்ளே போய் இதயம், மூளை வரை சேதப்படுத்தும். உரிய பென்சிலின் ஊசியால் குணமாக்கக்கூடிய நோய் அது. மருவுக்காக வந்தவரிடம் சிபிலிஸைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். பரிசோதனைக்கும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஏன் இரத்தம் எடுக்கிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். காரணம் இதுதான்.

கேள்வி (நானுஓயா, பெண்): கிளினிக்கில் என்ன செய்வார்கள்? ஒரே நாளில் முடிந்துவிடுமா?

பதில்: ஒரே நாளில் முடிவது அபூர்வம். முதலில் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பெரும்பாலும் பார்வையே போதும், சந்தேகமானால்தான் சிறு துண்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். பிறகு மருவின் இடம், அளவு, எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து வழி மாறும். பொடோபைலின் என்பது மண்ணிற மருந்து: சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாஸ்லின் தடவிக் காவல் போட்டுவிட்டு, குச்சியில் சுற்றிய பஞ்சால் மருவின் மேல் மட்டும் தொட்டு வைப்போம், சொன்ன நேரத்தில், அதாவது 4 மணித்தியாலங்களுக்குள், வீட்டில் கழுவிவிட வேண்டும். "கூடுதல் நேரம் வைத்தால் கூடுதல் பலன்" என்று இரவு முழுவதும் விட்டவர்கள் புண்ணோடு திரும்பி வந்திருக்கிறார்கள். ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம் தொட்டால் மரு உடனே சுண்ணாம்படித்ததுபோல வெளுக்கும், சில நிமிடங்கள் எரியும். திரவ நைதரசனால் உறைய வைக்கும் முறையில், ஜனவரியில் நுவரெலியாப் புல்லின் மேல் படியும் உறைபனியைப்போல மருவின் மேல் வெண்மை படரும். ஓரிரு நாட்களில் கொப்புளமாகி, பின்னர் உதிரும். பெரிய கொத்துகளை மரக்கச் செய்து, மின்சூட்டினாலோ கத்தியினாலோ அகற்றுவார்கள்.

வீட்டில் பூசுவதற்கென்றும் மருந்துகள் உண்டு. பொடோபைலொடொக்சினை மூன்று நாட்கள் காலை மாலை பூசி, நான்கு நாட்கள் விட்டு, மறுபடி தொடங்க வேண்டும். இமிகுயிமோட் களிம்பை வாரம் மூன்று இரவுகள் பூசிக் காலையில் கழுவ வேண்டும். அது 16 வாரங்கள் வரை போகலாம். இவற்றை வைத்தியர் எழுதித் தந்த பிறகே வாங்குங்கள்.

எந்த முறையும் மருவைத்தான் அகற்றுகிறதே தவிர, தோலுக்குள் இருக்கும் வைரஸை அல்ல. அதனால் முதல் மூன்று மாதங்களுக்குள் திரும்பவும் முளைப்பது சகஜம். "மருந்து வேலை செய்யவில்லை" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். திரும்பி வந்தால் திரும்பிப் போங்கள். நாளாக ஆக உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைக் கட்டுக்குள் கொண்டுவரும். புகை பிடிப்பவர்களுக்கு இது தாமதமாகும்.

கேள்வி (பசறை, 5 மாதக் கர்ப்பிணி): கர்ப்பமான பிறகு மரு வேகமாக வளர்கிறது. பிள்ளைக்கு ஆபத்தா? ஒபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டுமா?

பதில்: கர்ப்பகாலத்தில் மரு பெரிதாவது வழக்கம், பிரசவத்துக்குப் பின் தானாகவே சுருங்குவதும் உண்டு. பொடோபைலினும் பொடோபைலொடொக்சினும் உங்களுக்குக் கூடாது. உறைய வைப்பதும் ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலமும் செய்யலாம். ஆகவே எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் கர்ப்பம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மரு பிறப்பு வழியை அடைத்துக்கொண்டிருந்தாலோ, கடுமையாக இரத்தம் கசியும் அபாயம் இருந்தாலோ ஒழிய, அதற்காக மட்டும் சிசேரியன் செய்வதில்லை. மிக அரிதாகக் குழந்தையின் குரல்வளையில் மரு வரக்கூடும். பின்னாளில் பிள்ளையின் குரல் கம்மிப்போய் மாறாதிருந்தால் இந்த விடயத்தை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி (ஹப்புத்தளை, பெண்): இது புற்றுநோயாக மாறும் என்று அயல்வீட்டு அக்கா சொன்னதிலிருந்து தூக்கமில்லை.

பதில்: அவர் பாதி சரி, பாதி தவறு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்குவதும் எச்.பி.வி.தான் என்று கண்டறிந்த ஜெர்மனியரான ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணம் 16ஆம், 18ஆம் வகைகள். மருவை உண்டாக்கும் 6உம் 11உம் ஒரே குடும்பத்துச் சாதுக்கள். உங்கள் மரு புற்றுநோயாகாது. எனினும் ஒருவருக்கு இரண்டு மூன்று வகைகள் ஒன்றாகத் தொற்றியிருக்க முடியும் என்பதால், 35 வயதில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் வெல் வுமன் கிளினிக்கில் செய்யும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மரு இல்லாதவர்களுக்கும் இதையே சொல்கிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் நாள் என்று தள்ளிப்போட்டு, இரத்தப்போக்கு வந்த பிறகு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி எழுத விருப்பமில்லை.

கேள்வி (மஸ்கெலியா, தாய்): தரம் 6இல் படிக்கும் மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப் பாடசாலையில் கடிதம் தந்திருக்கிறார்கள். பின்னாளில் பிள்ளை பிறக்காது என்கிறார்கள்.

பதில்: கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இந்த ஊசியில் வைரஸ் இல்லை. அதன் வெளிக்கூட்டின் புரதம் மட்டுமே இருக்கிறது. அது தொற்றை உண்டாக்காது, கருவளத்தைக் கெடுக்காது. இலங்கையில் 2017 முதல் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். உடலுறவு என்ற பேச்சே இல்லாத வயதில் எதற்கு என்று தாய்மார் கேட்பார்கள். வைரஸ் வருவதற்கு முன்பு போட்டால்தான் முழுப் பலன், வந்த பிறகு இருக்கிற மருவை அது ஆற்றாது. 16, 18ஐ மட்டும் தடுக்கும் ஊசியும் உண்டு, அவற்றோடு 6, 11ஐயும் தடுக்கும் ஊசியும் உண்டு. மருவைத் தடுப்பது பின்னதுதான். அவுஸ்திரேலியாவில் 2007இல் பின்னதைக் கொடுக்கத் தொடங்கிய சில வருடங்களிலேயே இளம் பெண்களிடம் மரு வெகுவாகக் குறைந்தது, ஊசி போடாத இளைஞர்களிடமும் குறைந்தது.

கேள்வி (லிந்துலை, ஆண்): எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பல குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடம். அதிலிருந்து தொற்றுமா? ஆணுறை போட்டால் போதுமா?

பதில்: மலசலகூடத்திலிருந்து தொற்றும் என்று பயப்பட வேண்டியதில்லை. சவர அலகை மட்டும் யாரோடும் பகிர வேண்டாம். மரு உள்ள இடத்தைச் சவரம் செய்தாலும் கீறல் வழியே அது பரவும். ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும் என்பதால் முழுக் காவல் அல்ல. மரு ஆறும்வரை உடலுறவைத் தவிர்ப்பதே நல்லது. இமிகுயிமோட் களிம்பு ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (பொகவந்தலாவைப் பெண் மறுபடியும்): கிளினிக்குக்குப் போவதென்றால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போய்விடும். எங்கே போகிறாய் என்று லயமே கேட்கும். தோட்டத்து டிஸ்பென்சரிக் கடிதம் வேண்டுமா?

பதில்: கடிதம் வேண்டாம், நேராகப் போகலாம், காசும் இல்லை. நுவரெலியா, கண்டி, பதுளை போன்ற நகரங்களில் இந்தக் கிளினிக் இருக்கிறது. போகும் முன் கிளினிக் நாளையும் நேரத்தையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். லயத்தில் கேட்டால் தோல் வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல. உள்ளே போனதும் ஓர் இலக்கம் எழுதிய அட்டை தருவார்கள், கூப்பிடுவதும் அந்த இலக்கத்தைச் சொல்லித்தான். பெண் வைத்தியரோ தாதியோ உடனிருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி போகும்போது, அதைக் காட்டினால் போதும்.